பத்து மணி டம்ளர்

'அஞ்சு நிமிஷ வேலை' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்த ஆள் அந்த வேலையை ஒரு நாளும் செய்திருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒருத்தியைப் பதினோரு வருஷம் சமையலறையில் கட்டிப்போட்டது. அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நேரில் அக்கா என்பேன், முதுகுக்குப் பின்னால் அளவுக்காரி என்பேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் நாலு வார்த்தை அசிங்கமாக எழுத வேண்டிவரும். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி டம்ளரில் தயிரும் பழமும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் வறுத்த ஓட்ஸ் போட்டுத் தருவதுதான் அந்த வேலை. பத்திரிகைகளில் அதற்குப் பர்ஃபே என்று பெயர் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் அடுக்குத் தயிர். சொன்னால் ஒரு வரி. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே தயிரை மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட வேண்டும். தண்ணீரெல்லாம் சொட்டி, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கிற பதத்துக்கு அது வர வேண்டும். ஓட்ஸையும் பாதாமையும் சின்னத் தீயில் வறுத்து, தேன் விட்டுப் புரட்டி, ஆறவைத்து டப்பாவில் அடைக்க வேண்டும். பழத்தை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். மாதுளை முத்தைக்கூட அவள் ஒற்றுவாள். பச்சைக் குழந்தைக்குத் தலை துவட்டுகிறாளோ என்று தோன்றும்.

அதற்கப்புறம் அடுக்கு. அடியில் இரண்டு கரண்டி தயிர், அதன்மேல் பழம், மறுபடி தயிர், நடுவில் ஓட்ஸ், மேலே தயிர், உச்சியில் நாலு திராட்சை. ஓட்ஸ் பழத்தைத் தொடக்கூடாது, டம்ளர் ஓரத்தில் தயிர் ஈஷக்கூடாது. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: போட்ட பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும். தாண்டினால் ஓட்ஸ் ஊறிவிடும், மொறுமொறுப்பு போய்விடும்.

இந்தச் சட்டம்தான் வினை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. மாமனாருக்கு ஆறு மணி. அவள் வீட்டுக்காரருக்கு ஏழு. பள்ளிக்கூடம் போகிற அவர்கள் மகள் குட்டிக்கு ஏழே முக்கால். எனக்குப் பத்து. என் வீட்டுக்காரருக்குத் தயிர் ஆகாது, அந்த மட்டும் அவள் பிழைத்தாள். ஆக, காலை ஆறிலிருந்து பத்து வரை நாலு தடவை அஞ்சு நிமிஷம். நடுவில் மாமாவுக்கு மாத்திரை, வெந்நீர், குட்டிக்குத் தலைபின்னல். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் அவள் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கிற அவள் சிநேகிதி, "உன்னைக் காலைல பாக்கணும்னா உங்க வீட்டு அடுப்புக்கிட்டதான் வரணும்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் சொல்வதையும் வருவதையும் நிறுத்திவிட்டாள்.

சட்டம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாமாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் பாவம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாமியார் போனபோது அவர் ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். நான் அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை. அக்கா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து இதை அடுக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். "மொறுமொறுன்னு இருக்கு" என்றார்.

ஒன்பது நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அக்கா சமையலறைக்கு ஓடிப்போய் அழுதாளாம். அன்றைக்கு அவர் 'இனிப்பா இருக்கு' என்று சொல்லியிருந்தால் அவள் தலையெழுத்தே வேறு மாதிரி ஆகியிருக்கும். மறுநாளிலிருந்து மொறுமொறுப்பு இந்த வீட்டின் உயிர்நாடி ஆயிற்று. ஆறு மணிக்கு டம்ளரைக் கொடுப்பாள், முதல் வாயை அவர் மெல்லுகிற வரை பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்ப்பாள், அவர் தலையாட்டியதும் போவாள்.

அவள் ஒன்றும் அடுப்போடு பிறந்தவள் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வருஷம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றரை வருஷம் வேலையும் பார்த்திருக்கிறாள். போன மாதம் மாமாவைச் சர்க்கரைக்குப் பார்க்க மூணாவது தெருவிலிருக்கிற பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். அங்கிருந்த பையன் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மாமாவின் கை நீலம் பாரித்தது. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். விரலால் முழங்கை மடிப்பில் மெதுவாகத் தடவினாள், ஒரு இடத்தில் நிறுத்தினாள், கையுறை போட்டுக்கொண்டு ஊசியை வாங்கினாள். அவ்வளவுதான், ஊசிக்குழலில் ரத்தம் ஏறிவிட்டது. "குத்தினதே தெரியலம்மா" என்றார் மாமா. அந்த இடத்தை நடத்துகிற டாக்டரம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறவர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள் என்பதால் ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும், மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திங்கட்கிழமை சேர வேண்டும், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாடியில் நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டிரண்டு படியாக ஏறி ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"என்னைக் கூப்பிட்டிருக்காங்கடி" என்றாள். "என் கையைப் பாத்துட்டுக் கூப்பிட்டிருக்காங்க."

அன்றைக்குச் சாப்பிடும்போது தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நல்லவர்தான், பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தினார்.

"போயேன், யாரு வேண்டாங்கிறா? ஆனா அப்பாவுக்குக் காலைல..." என்று இழுத்தார்.

"அதான் யோசிக்கிறேன்."

"அஞ்சு நிமிஷ வேலை. எப்படியாவது பண்ணிட்டுப் போயிடலாம். பாத்துக்கோ."

பாத்துக்கோ என்றால் நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். இந்த வீட்டில் யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். கதவு திறந்துதான் இருக்கும், வாசலில் ஒரு 'ஆனா' மட்டும் உட்கார்ந்திருக்கும்.

அளவுக்காரி சும்மா இருக்கவில்லை. நாலு டம்ளர் அடுக்கி, மூடி வைத்து, அஞ்சு நிமிஷம், பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்துக் குட்டியின் பழைய நோட்டில் எழுதினாள். ஓட்ஸில் வெண்ணெய் தடவி வறுத்துப் பார்த்தாள். தயிரை இன்னும் இறுகக் கட்டிப் பார்த்தாள். நோட்டில் பத்துக்கு மேல் இருந்த எல்லா வரியிலும் 'ஊறிவிட்டது' என்றே இருந்தது.

"ஓட்ஸைத் தனி டப்பால வெச்சுட்டுப் போங்கக்கா, அவங்களே தூவிக்கட்டும்" என்றேன்.

"மாமாவுக்குக் கை நடுங்குது, டப்பா திறக்க வராது. அதுவும் இல்லாம, மேல தூவுறது வேற, நடுவுல இருக்கிறது வேற."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தயிரே பிடிக்காது. வாசனையே குமட்டும். கல்யாணமாகி வந்த முதல் நாள் பத்து மணிக்கு அவள் ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினாள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருஷமாக மேலே இருக்கிற பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை மாடியில் இருக்கிற செடித்தொட்டியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடுகிறேன். அந்தச் செடி என் தோளுக்கு வளர்ந்து நிற்கிறது. "உன் கை ராசிடி" என்று ஒருமுறை அக்கா அதைத் தடவிக்கொடுத்தாள். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சொல்லாததற்குக் கூச்சம்தான் காரணம் என்று உங்களிடம் பூசி மெழுகலாம். அது பாதிதான் உண்மை. மதியமும் ராத்திரியும் சமையல் என் பொறுப்பு, காலை அவள் பொறுப்பு. அவள் போய்விட்டால் காலையும் என் தலையில்தான் விழும். ஆம்பளைகள் தலையில் விழும் என்று அந்த வீட்டில் யாருக்குமே, எனக்கும்கூட, தோன்றவில்லை. ஏழரை மணி வரை தூங்குவதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால் மூச்சு விடாமல் இருந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள். "காலைல வீட்டை விட்டு வர முடியல டாக்டர்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க, சரிங்க" என்று இரண்டு தடவை தலையாட்டினாள். வைத்துவிட்டு என் டம்ளரை வாங்கிக் கழுவினாள். ஏற்கெனவே கழுவின டம்ளர் அது.

குட்டு உடைந்தது அடுத்த புதன்கிழமை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் துவைத்துக் காயப்போட்டுவிடலாமென்று மாமாவின் படுக்கை விரிப்பை எடுக்க ஆறே முக்காலுக்கு அவர் அறைக்குள் போனாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் அங்கே போக மாட்டாள், ஏழு மணி டம்ளருக்குப் பழம் ஒற்றிக்கொண்டிருப்பாள். ஜன்னல் திரையை விலக்கினாள். திரைக்குப் பின்னால், ஜன்னல் கட்டையில், ஆறு மணி டம்ளர் இருந்தது. ஒரு வாய் மட்டும் எடுத்திருந்தது. மேலே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு மூடியிருந்தது. எத்தனையோ மாதமாகக் காணோம் காணோம் என்று அவள் தேடிய தட்டு.

இடிச் சத்தத்தில் விழித்து அன்றைக்குச் சீக்கிரமே இறங்கி வந்த நான் அறை வாசலில் நின்றுவிட்டேன். அவள் கத்தவெல்லாம் இல்லை. "இது என்ன மாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

மாமா திருடன் மாதிரி முழித்தார். "ஊறட்டும்னு வெச்சேம்மா. பல்லு எங்கம்மா இருக்கு எனக்கு? செட்டுப் பல்லு காலைல போட்டா ஈறு வலிக்குது. ஏழு மணிக்கு மேல நல்லாக் குழைஞ்சிருக்கும், வழிச்சுச் சாப்பிட்டுடுவேன்."

"எத்தனை நாளா?"

"பல்லு எடுத்ததுலேருந்து. அஞ்சு வருஷம் இருக்குமா?"

"நான் இருக்கும்போது மென்னீங்களே."

"நீ நின்னு மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பியேம்மா. அந்த ஒரு வாயை எப்படியோ மென்னுடுவேன். இதுல உனக்கு ஒரு சந்தோஷம்னு நெனச்சேன். அதை ஏன் கெடுக்கணும்?"

அவள் தட்டை எடுத்து மறுபடி டம்ளரை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நேராகக் குட்டியிடம் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அது உண்மையைக் கக்கிவிட்டது. டம்ளரிலிருந்து டப்பாவுக்கு மாற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், பத்தரை மணி இடைவேளையில்தான் தினமும் சாப்பிடுமாம். "அப்பதாம்மா ஊறி ஐஸ்கிரீம் மாதிரி இருக்கும்." அப்புறம் அவள் வீட்டுக்காரர். குளித்துவிட்டு, போனில் பேசிவிட்டு, ஏழேகாலோ ஏழரையோதான் அவர் சாப்பிட உட்கார்வார். "நீ குடுக்கிறே, நான் சாப்பிடறேன். அதுல மொறுமொறுன்னு ஏதாவது இருக்கா என்ன?" என்று கேட்டார். அவரை அந்த இடத்திலேயே நாலு அறை விட வேண்டும் போல எனக்குக் கை துறுதுறுத்தது.

பத்து மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. அக்கா டம்ளரோடு வந்தாள். தையல் மெஷின் பக்கத்தில் வைத்தாள், போகவில்லை. எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு" என்றாள். "நீயாவது?"

அந்த 'நீயாவது' என் வாயைக் கட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு டம்ளராவது வீண் போகவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதைத்தான் கேட்க வந்திருந்தாள். கரண்டியை நடுவரைக்கும் விட்டு ஓட்ஸை எடுத்து வாயில் போட்டேன். தயிர் நாக்கில் படாமல் ஓட்ஸைக் கடைவாய்க்குத் தள்ளினேன். நற நறவென்று சத்தம் வரக் கடித்தேன்.

"மொறுமொறுன்னு இருக்குக்கா. இது இல்லாம எனக்குப் பத்து மணி ஆகாது" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். நான் முழு டம்ளரையும் காலி செய்கிற வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து மற்ற மூன்று டம்ளரையும் காலையிலேயே ஒரே மூச்சில் அடுக்கி, மூடி போட்டு வைத்துவிட்டாள். ஊறினது. தின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருஷச் சட்டம் இரண்டு நாளில் மண்ணோடு மண்ணாகப் போனது. பாக்கி இருந்தது என் டம்ளர் ஒன்றுதான். முன்னைவிடப் பக்தியோடு வந்தது. பாதாமோடு முந்திரியும் சேர்ந்தது. அவளும் கூடவே வந்து எதிரே உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தொட்டிச் செடி இரண்டடியில் இருந்தும் என்னால் எழுந்து போக முடியவில்லை. மாமா அஞ்சு வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பதிமூன்றாவது நாள், டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் உட்காரும்போது போன் அடித்தது. டாக்டரம்மா. புதிதாகச் சேர்ந்த பெண் நின்றுவிட்டாளாம், உடனே வரமுடியுமா என்று கேட்கிறார். அடுத்திருந்த எனக்கும் குரல் கேட்டது. சரி, தப்பித்தாள் என்று நினைத்தேன்.

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "என் ஓரகத்திக்குப் பத்து மணிக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும். அவ ஒருத்திதான் அதை ஒழுங்காச் சாப்பிடறா. என்னால வர முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் நிறையத் தயிர். துப்பவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர விழுங்கினேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

"எனக்குத் தயிரே பிடிக்காதுக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழு வருஷமா அந்தத் தொட்டியிலதான் கொட்டுறேன். நீங்க வேலைக்குப் போனா காலைல நான் எழுந்திருக்கணுமேன்னு அன்னிக்கும் சொல்லல. என்னை என்ன வேணா திட்டுங்க."

திட்டவில்லை. செடியைப் பார்த்தாள். அடியிலிருந்து நுனி வரை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் தனக்கென்று ஒரு டம்ளர் அடுக்கி நான் பார்த்ததில்லை, பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துத்தான் தின்பாள். கடைசிக் கரண்டி வரை மென்று சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், கோபமாக.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அஞ்சரைக்கு எழுந்திருப்பியா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் காலைத் தூக்கத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அளவுக்காரி, எத்தனை விநாடி என்று நிச்சயம் எண்ணியிருப்பாள்.

"எழுந்திருக்கிறேன்க்கா" என்றேன். போனை எடுத்து நானே அவள் கையில் வைத்தேன்.

இன்று காலை ஆறே காலுக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது கையை விரித்து விரித்து மடக்கிக்கொண்டே போனாள், ஊசி பிடித்து நாளான கை. அவள் வீட்டுக்காரர் சமையலறையை எட்டிப் பார்த்து, "என் டம்ளர்?" என்றார். "தயிர் அங்க, பழம் இங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். அவர் கரண்டியைத் தேடவே அஞ்சு நிமிஷம் ஆனது.

மாமாவின் டம்ளரை மட்டும் நான் அடுக்கினேன். ராத்திரியே ஊறவைத்த ஓட்ஸ், துணியால் ஒற்றாத பழம். கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன். கதவைத் தாண்டியிருக்க மாட்டேன், பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"பூ மாதிரி இருக்கும்மா! இந்தப் பதம் உன் கைக்குத்தான் வரும்."

அக்காவுக்கும் இப்படி ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது. காதில் விழாத மாதிரி வேகமாக வந்துவிட்டேன்.